ஒரே பந்தி: திருநெல்வேலிச் சீமையில் ஒரு கோடைப் பயணம்

மே 9, வெள்ளி. பாளையங்கோட்டை

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பூர்வீக ஊரில் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை. அதற்கு அழைத்த அக்காள், பெரியம்மாவின் மகள், இந்த ஆண்டு அசனத்துக்கு, அதாவது பண்டிகையன்று சபையார் ஒன்றாக உண்ணும் விருந்துக்கு, வீட்டுக்கு வீடு அரிசி வாங்கவில்லை என்றும், வெளிநாட்டில் இருக்கும் ஒரு குடும்பம் முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டது என்றும், சமையலை ஒப்பந்தக்காரரிடம் விட்டாயிற்று என்றும் தொலைபேசியில் சொன்னாள். அவள் அதை நல்ல செய்தியாகவே சொன்னாள். எனக்குத்தான் மனம் நிலைகொள்ளவில்லை. நான் கற்ற விசுவாசத்தில் பாதி பிரசங்க பீடத்திலிருந்து வந்தது என்றால், மறுபாதி என் பாட்டியின் அடுப்படியிலிருந்து வந்தது. உலையில் அரிசி போடும் முன் ஒரு கைப்பிடியை எடுத்து மூலையிலிருந்த கலயத்தில் போடுவாள். அந்த அரிசி ஆலயத்துக்குப் போகும். வீட்டில் குறைவாக இருந்த நாளிலும் அந்தக் கைப்பிடி குறையாது. அந்த வழக்கம் எதைக் காப்பதற்காக வந்தது என்பதை அறிய வேண்டும் என்ற எண்ணத்தோடு, நேராக ஊருக்குப் போகாமல், இந்தச் சீமையில் திருச்சபை வேர்பிடித்த சில இடங்களைச் சுற்றிப் போக முடிவு செய்தேன்.

கத்திரி வெயில் காலை ஏழு மணிக்கே ஆரம்பித்துவிட்டது. கிளாரிந்தா ஆலயத்துக்குப் போக வேண்டும் என்றதும் ஆட்டோ ஓட்டுநர், "பாப்பாத்தியம்மா கோயிலா?" என்று கேட்டார். அவர் மேலப்பாளையத்துக்காரர், இசுலாமியர். நூறு ரூபாய் கேட்டு நூறு ரூபாயே வாங்கினார். நான் உள்ளே இருந்த நேரத்துக்கு எதுவும் கேட்கவில்லை. "கோயிலுக்குப் போனவங்க கிட்ட காத்திருந்ததுக்கு வாங்கப்பிடாது" என்றார்.

கிளாரிந்தா மராட்டியப் பிராமணக் குலத்தில் பிறந்த விதவை. தம்மைக் காப்பாற்றிய ஆங்கில அதிகாரியோடு வாழ்ந்துவந்த காலத்தில் அவர் ஞானஸ்நானம் கேட்டபோது, அந்த வாழ்க்கையின் காரணமாக ஜெர்மானிய மிஷனெரியான சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். ஐயர் என்பது இங்கே சாதிப்பெயர் அன்று. குருவானவரை எங்கள் சபையில் அப்படித்தான் அழைப்போம். அந்த அதிகாரி இறந்தபிறகு, 1778-ல், அதே சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்து அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1785-ல் கிளாரிந்தா கட்டிய இந்தச் சிறிய ஆலயமே திருநெல்வேலி நாட்டுப் புராட்டஸ்டண்டு சபைகளுக்கெல்லாம் தாய்வீடு. 1780-ல் எழுதப்பட்ட முதல் சபைப் பதிவேட்டில் ஏறத்தாழ 40 பேரின் பெயர்கள் இருந்தன. அவர்கள் ஒரே சாதியாரும் அல்லர். ஒரு காலத்தில் மறுக்கப்பட்ட பெண்ணின் பெயரோடு தொடங்கிய சபை இது என்பதை எங்கள் ஓய்வுநாள் பள்ளியில் யாரும் எனக்கு அழுத்திச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

மாலையில் ஊசிக்கோபுரம் என்று ஊரார் அழைக்கும் தூய திரித்துவப் பேராலயத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். 1826-ல் அதைக் கட்டியவர் ரேனியஸ் ஐயர். 1820-ல் இங்கே வந்த அவர், தாம் நடத்திய பயிற்சிப் பள்ளியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாக உண்ண வேண்டும் என்று வற்புறுத்தியதால் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தார். பிரசங்கத்தில் அவர் சொன்னவற்றையெல்லாம் தலையசைத்துக் கேட்டவர்களே சோற்றுப் பந்தியில் முரண்டு பிடித்தார்கள். தாம் பயிற்றுவித்த உபதேசியார்களை, அதாவது குருப்பட்டம் பெறாத சபை ஊழியர்களை, மார்ட்டின் லூத்தர் வழிவந்த தம் லூத்தரன் மரபுப்படி குருப்பட்டத்துக்கு உயர்த்த விரும்பியதும் ஆங்கிலத் திருச்சபையின் முறைகளைக் குறைகூறி எழுதியதும் 1835-ல் அவரை அனுப்பிய மிஷனெரிச் சங்கத்தோடு முறிவில் போய் முடிந்தன. 1838-ல் பாளையங்கோட்டையிலேயே இறந்தார். நாம் இன்று பழைமை என்று போற்றுகிறவற்றில் பல, அவர்கள் காலத்தில் யாரோ முகம் சுளித்த புதுமைகளாக இருந்தன.

இரவு உணவு இரண்டு ஆப்பமும் தேங்காய்ப்பாலும், 50 ரூபாய். விடுதி அறையில் மின்சாரம் இரண்டு முறை போனது.

மே 10, சனி. நாசரேத், முதலூர், மெஞ்ஞானபுரம்

ஆழ்வார்திருநகரியைத் தாண்டியதும் பேருந்து நின்றுவிட்டது. நடத்துநர் எங்களை வேப்பமர நிழலில் இறக்கி, அடுத்து வந்த வண்டியில் ஒவ்வொருவராக ஏற்றிவிட்டார். அதுவரை ஒன்றரை மணி நேரம். என் தண்ணீர்ப் புட்டி காலியாகியிருந்ததைப் பார்த்த ஒரு பெண்மணி, தம் பையிலிருந்து மோர் நிறைந்த தூக்குவாளியைத் திறந்து, "குடிங்கம்மா, புளிக்காது" என்று மூடியில் ஊற்றிக் கொடுத்தார். அவர் நெற்றியில் திருநீறு இருந்தது. மகளுக்கு வளைகாப்பு என்று போய்க்கொண்டிருந்தார்.

நாசரேத்தை ஒட்டிய பிரகாசபுரத்தைக் கடந்தபோது அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளையை நினைத்துக்கொண்டேன். மிஷனெரிகளோடு முரண்பட்ட அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் 1857-ல் பிரிந்துபோய், வெள்ளையர் தயவில்லாத ஒரு சபையைத் தொடங்கினார்கள். சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்தார்கள். கால்டுவெல் ஐயர் 1849-ல் நாடார் மக்களைப் பற்றி எழுதிய நூல் அந்த மக்களைப் புண்படுத்தியபோது, எதிர்த்து எழுதியவர்களில் சட்டாம்பிள்ளையும் ஒருவர். பெற்ற போதனையை அப்படியே விழுங்காமல், வேதத்தை வைத்தே போதகர்களைக் கேள்வி கேட்கும் துணிவும் இந்த மண்ணில் நமக்கு வந்த சொத்துதான் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

முதலூர் 1799-ல் டேவிட் சுந்தரானந்தம் என்ற உபதேசியார் முயற்சியால் உருவான ஊர். கிறிஸ்தவர்களானதற்காகச் சொந்த ஊரில் வாழவிடாமல் துரத்தப்பட்டவர்களுக்கு வாங்கிய நிலத்தில் எழுந்த முதல் ஊர் என்பதால் அந்தப் பெயர். பிற்பாடு 1830-ல் ரேனியஸ் ஐயர் தொடங்கிய தருமச் சங்கமும் இப்படிப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்கும் நோக்கத்தோடு ஏற்பட்டதே. இன்று வெளியூர்க்காரர்களுக்கு முதலூர் என்றால் மஸ்கோத் அல்வாதான். தேங்காய்ப்பாலில் கிண்டிய அந்தக் கறுத்த அல்வாவைக் கால் கிலோ 80 ரூபாய்க்கு வாங்கினேன். கடைக்காரர் இலைத்துண்டில் ஒரு விள்ளலை வைத்து, தின்றுபார்த்து முடிவு செய்யச் சொன்னார். நான் தின்று முடிக்கும் வரையில் பொட்டலம் கட்டத் தொடங்கவில்லை.

பிற்பகலில் மெஞ்ஞானபுரம். செம்மண் தேரியிலிருந்து வரும் காற்று, கண்ணைத் திறக்கவிடாமல் மணலை வாரி இறைத்தது. தூய பவுல் ஆலயத்தின் 192 அடி உயரக் கோபுரத்தை அந்தப் புழுதியின் ஊடாக வெகு தூரத்திலிருந்தே பார்க்கலாம். வேல்சு நாட்டுக்காரரான தாமஸ் ஐயர் இந்தப் பொட்டல் மணலில் கிணறு வெட்டி, மரம் வைத்து, ஊரை ஊராக்கினார். இந்த ஆலயம் அவர் காலத்துப் பணி. பனையடியில் நின்றிருந்த பனையேறி ஒருவர், பனையோலைப் பட்டையை மடித்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பதநீர் ஊற்றினார். பட்டை 30 ரூபாய். இரண்டாம் முறை ஊற்றியதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அவர் பிள்ளைகளில் யாரும் பனை ஏறுவதில்லை என்றும், அதில் தமக்கு வருத்தமில்லை என்றும், விழுந்து இடுப்பொடிந்தவர்களைத் தாம் பார்த்திருப்பதாகவும் சொன்னார். முன்னோரிடமிருந்து வந்தது எல்லாவற்றையும் பிள்ளைகள் சுமக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் அவரோடு பத்து நிமிடம் பேச வேண்டும்.

மே 11, ஞாயிறு. எங்கள் ஊர்

ஊர்ப்பெயரை எழுதவில்லை. இதில் வருகிறவர்கள் எல்லாரும் எனக்கு வேண்டியவர்கள்.

ஆலயத்தில் ஆராதனை காலை எட்டு மணிக்கு. பாமாலைப் பாட்டுகள் பழைய ராகத்திலேயே இருந்தன. ஆனால் ஒலிபெருக்கியோடு கேமராவும் இருந்தது. வளைகுடா நாடுகளில் இருக்கும் பிள்ளைகள் தங்கள் கைப்பேசியில் அந்த ஆராதனையைப் பார்க்கிறார்கள். காணிக்கைப் பை வரும்போது, தூண்களில் ஒட்டியிருந்த கியூஆர் அட்டையை நோக்கி இளைஞர்கள் கைப்பேசியை நீட்டினார்கள். சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் தம்பி ஒருவன்தான் அதை ஏற்பாடு செய்தவன். "சித்தி, ஊரைவிட்டுப் போனவங்க மாசத்துக்கு ஒருதடவ மொத்தமா அனுப்பிட்டு மறந்துருவாங்க. இதுல வாரா வாரம் அந்த நேரத்துல நெனச்சுப் போடுதாங்க" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பாட்டியின் கைப்பிடியும் பெரிய தொகையன்று. அது தவறாமல் நினைக்கும் பழக்கம். அந்தப் பழக்கம் கலயத்திலிருந்து கைப்பேசிக்கு மாறினால் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் கைப்பேசி இல்லாத கிழவிகள் பையில் காசு போடும்போது, முன்போல் யாரும் பையைத் தாழ்த்திப் பிடிப்பதில்லை. வரிசை அவர்களைத் தாண்டி விரைவாகப் போய்விடுகிறது. அதை அவனிடம் சொன்னேன். அவன் கவனித்ததில்லை என்றான். கவனிக்கிறேன் என்றும் சொன்னான்.

ஆராதனை முடிந்து அசனப் பந்தலுக்குள் போனபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. முன்பு பெண்கள் விடியும் முன்னரே கத்தரிக்காய் நறுக்குவார்கள், ஆண்கள் அண்டாவில் சோறு வடிப்பார்கள், பிள்ளைகள் இலை கழுவுவார்கள். இன்று சீருடையணிந்த பையன்கள் பரிமாறினார்கள். வெள்ளைச் சோறு, கத்தரிக்காய் போட்ட ஆட்டுக்கறிக் குழம்பு, ரசம். ருசியில் எந்தக் குறையும் இல்லை. பழைய குழம்பைவிட எண்ணெய் சற்று அதிகம். பந்தலின் முகப்பில் செலவை ஏற்ற குடும்பத்தின் பெயர் பெரிய பதாகையில் இருந்தது.

நான் என் வருத்தத்தை அத்தானிடம் சொன்னபோது, அவர் வேறொன்றைச் சொன்னார். "நீ கைப்பிடி அரிசிய நெனச்சுப் பேசுத. அசனத்துக்கு எங்க காலத்துல வரி போட்டாவ. தலைக்கட்டுக்கு இவ்வளவுன்னு நோட்டுல எழுதி, பாக்கி வச்சவங்க பேர எல்லாரும் கேக்க வாசிப்பாவ. எங்கப்பா ரெண்டு வருசம் பண்டிகை அன்னைக்கு வெளியூருக்குப் போயிட்டாவ. எங்க அம்மா வாளிய மட்டும் பக்கத்து வீட்டுல குடுத்து அனுப்புவா. இப்ப அந்த அவமானம் இல்ல பாரு." எனக்குப் பதில் வரவில்லை. கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபம், பதினொன்றாம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. அந்தச் சபையில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்ண, மற்றவர்கள் பசியோடு நிற்க, "இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?" என்று அவர் கேட்கிறார். அந்தக் கேள்வி பெயர் வாசித்த நோட்டுக்கும் பொருந்தும், பதாகைக்கும் பொருந்தும். நான் ஊரில் தேடிவந்த பழைய வழக்கத்துக்குள்ளேயே இரண்டு வேறு சரக்குகள் இருந்தன என்பது அப்போதுதான் புலப்பட்டது: யாரும் எண்ணாத கைப்பிடி ஒன்று, எல்லாரும் எண்ணிய வரி மற்றொன்று.

நான்காவது பந்தி முடியும் வேளையில் வாசலில் ஆறேழு இளைஞர்கள் தயங்கி நின்றார்கள். ஆலயத்தின் புதிய மணிக்கூண்டு வேலைக்கு வந்திருக்கும் ஜார்க்கண்டுத் தொழிலாளர்கள். பொறுப்பில் இருந்த ஒருவர், "வாளியில போட்டு அவங்க தங்குற எடத்துக்கே குடுத்து விடுங்க" என்று பையன்களிடம் சொன்னார். கெட்ட மனிதர் அல்லர். மொழி தெரியாதவர்களைப் பந்தியில் உட்காரவைத்து என்ன பேசுவது என்ற கூச்சமாகக்கூட இருக்கலாம். அக்காள் எச்சில் கையோடு எழுந்தாள். "அசனத்துக்கு வந்தவங்களுக்கு வாளியா? உக்காரச் சொல்லுங்க" என்றாள். உட்கார்ந்தார்கள். குழம்பில் அப்போது கறி தீர்ந்திருந்தது. கத்தரிக்காயும் சாறும்தான் மிச்சம். அதற்காக அக்காள் ஒப்பந்தக்காரரிடம் போட்ட சண்டை அரைமணி நேரம் நீண்டது.

அவர்களில் ஒருவன் இலையில் சோறு விழுந்ததும் கண்ணை மூடித் தலை குனிந்தான். அருகில் இருந்ததால் கேட்டேன். அரைகுறைத் தமிழில், "நானும் சர்ச்தான் அம்மா. ராஞ்சி பக்கம். லூத்தரன்" என்றான். மூன்று மாதமாக நம் ஆலயத்தின் கோபுரத்தில் கல் ஏற்றுகிற பையன். ஞாயிறுதோறும் பக்கத்துக் கொட்டகையிலேயே இருந்திருக்கிறான். அவனை உள்ளே அழைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நம் ஆள் இல்லை என்று பார்த்த மாத்திரத்தில் எல்லாரும் முடிவு செய்திருக்கிறார்கள். இந்தச் சீமையின் புராட்டஸ்டண்டு சபைக்கு வித்திட்ட சுவார்ட்ஸ் ஐயரும் லூத்தரன். வெள்ளிக்கிழமை நான் நினைத்து உருகிய ரேனியஸ் ஐயரும் லூத்தரன்.

அன்று இரவு மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்தும் தூக்கம் வரவில்லை. புழுக்கம் ஒரு காரணம்.

மே 12, திங்கள். இடையன்குடி, வடக்கன்குளம்

இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் 1841-ல் வந்து சேர்ந்தார். 1847-ல் தொடங்கிய ஆலயம் 1880-ல்தான் முடிந்தது. பெரிய ஆலயம், அழகான ஆலயம். வெயில் தாங்காமல் தலைவலி வந்துவிட்டதால் உள்ளே அதிகம் நிற்கவில்லை. திசையன்விளையில் கருப்பட்டிக் காபி குடித்தபிறகே கண் தெளிந்தது. 20 ரூபாய், தலைவலி என்று கேட்டதும் கடைக்கார அண்ணாச்சி சுக்கைத் தட்டி அதில் போட்டுக் கொடுத்தார்.

வடக்கன்குளத்துக்குத்தான் மனம் ஓடியது. இது கத்தோலிக்க ஊர். புனித தேவசகாயம் 1745-ல் இங்கேதான் ஞானஸ்நானம் பெற்றார். 1752-ல் ஆரல்வாய்மொழி அருகே கொல்லப்பட்டார். 2022 மே மாதத்தில் ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டார். திருக்குடும்ப ஆலயம் அதன் இன்னொரு வரலாற்றுக்காக நான் பார்க்க விரும்பியது. 1872-ல் கட்டியபோது, வேளாளர் முதலியோர் ஒரு பக்கமும் நாடார்கள் மறுபக்கமும் நின்று, ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே பீடத்தைப் பார்க்கும்படி, இரண்டு கூடங்களையும் நடுவே தடுப்பையும் வைத்துக் கட்டினார்கள். கௌசானல் அடிகளார் 1910-ல் அந்தத் தடுப்பை இடித்தார். அதை எதிர்த்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், சாதியின் பெயரால் தனி இடம் கேட்க உரிமையில்லை என்று முடிந்தது.

உள்ளே போய் இரண்டு கூடங்களும் சேரும் இடத்தில் நின்றேன். செபமாலை சொல்லிக்கொண்டிருந்த முதியவர் எழுந்து வந்து, மின்விசிறியைப் போட்டுவிட்டு, "சி.எஸ்.ஐ.யா? பரவாயில்ல, உக்காருங்க" என்றார். எங்கள் தென்னிந்தியத் திருச்சபையைத்தான் அப்படிச் சொன்னார். தடுப்பைப் பற்றிக் கேட்டேன். அவர் தாத்தா அதை இடிக்கக் கூடாது என்று நின்றவராம். அதை மறைக்காமல் சொன்னார். "தாத்தா சாகுற வரைக்கும் இங்க பூசைக்கு வரல. எங்கப்பா வந்தாவ. எம் பேரன் கல்யாணம் நாடார் வீட்டுப் பிள்ளையோட இதே பீடத்துல நடந்துச்சு." அதற்குமேல் அவர் விளக்கவில்லை.

ஆண்டவருடைய பீடத்துக்கு முன்பாகச் சுவர் எழுப்பியவர்களும் தங்கள் முன்னோர் வழக்கத்தைக் காப்பதாகவே நம்பினார்கள். அந்தியோக்கியாவில் புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து விலகிக்கொண்டதைப் பவுல் முகத்துக்கு நேராகக் கண்டித்த செய்தி கலாத்தியர் நிருபத்தில் இருக்கிறது. அப்போஸ்தலர்களுக்கே பந்தியில்தான் சோதனை வந்தது. காலம் மாறுகிறது, வேதத்தை எப்படிக் கைக்கொள்வது என்று மாநாடுகளில் நெடுநேரம் பேசுகிறோம். நம் ஆலயத்தில், நம் பந்தலில், யார் எங்கே உட்காருகிறார் என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும் என்பது என் துணிபு. மறுபாதி, சோறு யாருடையது என்பதில் இருக்கிறது.

பேருந்து நிறுத்தத்தில் காற்றாலைகளைப் பார்த்தபடி முக்கால் மணி நேரம் நின்றேன். நுங்கு மூன்று 20 ரூபாய்.

மே 13, செவ்வாய். டோனாவூர்

களக்காட்டு மலையில் இரவு மழை பெய்திருந்தது. டோனாவூருக்குள் நுழையும்போதே காற்றில் ஈரம். முதல் முறையாக முந்தானையால் முகம் துடைக்காமல் நடந்தேன். புலியூர்க்குறிச்சியாக இருந்த இந்த ஊருக்கு, 1827-ல் ஆலயம் கட்டப் பணம் உதவிய டோனா பிரபுவின் பெயரை ரேனியஸ் ஐயர் வைத்தார். 1901-ல் இங்கே வந்து தங்கிய ஏமி கார்மைக்கேல், கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த பெண் குழந்தைகளைக் காப்பாற்றி வளர்த்தார். எந்தச் சாதிக் குழந்தை என்று பாராமல் எல்லாரையும் ஒரே குடும்பமாக வளர்த்தபோது, அந்தக் காலத்துக் கிறிஸ்தவர்களிலேயே பலர் அதை ஏற்கவில்லை. 1951-ல் இறந்த அவருடைய கல்லறைமேல் பறவைகள் தண்ணீர் குடிக்கும் கல்தொட்டி ஒன்று மட்டும் இருக்கிறது. அதில் தாய் என்று பொருள்படும் ஒரே சொல் எழுதியிருக்கிறது.

இதே சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, 1903-ல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் உருவாகக் காரணமானவர்களில் ஒருவர். இந்தியர் பணம், இந்திய ஊழியர், இந்தியர் நிர்வாகம் என்பது அவர்கள் எடுத்த முடிவு. வெளியிலிருந்து வரும் பெருங்கொடையைவிட, சொந்த ஊரின் சிறு சேமிப்பில் நடக்கும் ஊழியத்தை அவர்கள் மேலாக எண்ணினார்கள். இன்று வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறவர்கள் நம் சொந்தப் பிள்ளைகள். ஆகவே அதைப் பழைய அந்நியப் பணத்தோடு சேர்த்துப் பேச மாட்டேன். ஆயினும் ஒரே வீட்டார் எல்லாருக்கும் சோறு போடும்போது மற்ற வீட்டார் விருந்தாளிகளாகிவிடுகிறார்கள். தம் சொந்த அசனத்தில் ஒரு சபை விருந்தாளியாக உட்காருவது எனக்குப் பொறுக்கவில்லை.

இதை எழுதி அக்காளுக்கு அனுப்பினேன். மதியம் அவள் கூப்பிட்டாள். "ஏட்டி, அரிசி வாங்கலாம். அறுநூறு பேருக்கு இந்த வெயில்ல அடுப்பு முன்னால நிக்க எங்களுக்கு ஒடம்பு கெடயாது. அத நீ எழுதிராத" என்றாள். அவள் சொல்வது சரி. அவளுக்கு அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி. சமையல் ஒப்பந்தக்காரரிடமே இருக்கட்டும். கறி குறையக் கூடாது என்று எழுத்தில் வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். மணிக்கூண்டுத் தம்பிகளை அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு அழைத்துவரவும், அன்றைய வேதபாடத்தில் ஒன்றை அந்த ராஞ்சிப் பையன் இந்தியில் வாசிக்கவும் ஐயரவாள் சம்மதித்திருக்கிறார். இன்னும் இரண்டு மாதத்தில் வேலை முடிந்து போய்விடுகிறவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று சபைக் கமிட்டியில் இருவர் கேட்டிருக்கிறார்கள்.

அரிசி பற்றிய பேச்சு அடுத்த மாதக் கூட்டத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. விருப்பமுள்ள வீடுகள் பண்டிகைக்கு முந்திய மாதத்தில் நாளுக்கு ஒரு கைப்பிடி எடுத்துவைத்து, ஆலய வாசலில் இருக்கும் பொதுச் சாக்கில் கொட்டிவிட வேண்டும் என்பதும், யார் எவ்வளவு போட்டார் என்று எழுத எந்த நோட்டும் வைக்கக் கூடாது என்பதும், பந்தலில் யார் பெயரும் எழுதக் கூடாது என்பதும் நான் எழுதிக் கேட்டவை. பதாகையை எடுப்பதற்கு வெளிநாட்டுக் குடும்பமே தாமாக ஒப்புக்கொண்டது என்று அக்காள் சொன்னாள். நோட்டு வேண்டாம் என்பதற்கு இப்போதைக்கு அத்தான் ஒருவர் மட்டுமே என் பக்கம். கணக்கில்லாமல் எப்படி என்று பொருளாளர் கேட்கிறாராம். அவருக்குத் தனியே ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன்.